அப்பாவை நிரூபிப்பதும் அப்பாவின் சொத்தில் பங்கு கேட்பதும்: வளர்ந்த பிள்ளைகளின் கேள்விகள்

அப்பா இறந்த செய்தி யார் மூலமாகவோ வந்து சேர்கிறது. போய்ப் பார்த்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் உங்கள் பெயர் இல்லை, வாரிசுச் சான்றிதழிலும் இல்லை. பங்கு கேட்டால் "நீ யார்?" என்கிறார்கள். முப்பது, நாற்பது வயதில் இந்தக் கேள்வியை எதிர்கொள்கிறவர்களுக்காக எழுதியது இது. இந்தியச் சட்டத்தை, அதிலும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளதை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பகுதி இந்துக்களுக்கான சட்டம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

எல்லோரும் "டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமே" என்றுதான் தொடங்குகிறார்கள். நம் சட்டத்தில் சொத்து வழக்குகள் பெரும்பாலும் ரத்தத்தில் முடிவதில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்ததா என்பதில்தான் முடிகின்றன. அதனால் ஆய்வகத்தைத் தேடும் முன்பு அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் தேடுங்கள் என்பேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கு 35 வயது. இப்போது போய் "இவர்தான் என் அப்பா" என்று வழக்குப் போட முடியுமா?

முடியும். அப்படிக் கேட்பதற்கு வயது வரம்பு எதுவும் இல்லை. என்.டி. திவாரி உத்தரப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் முதலமைச்சராக இருந்தவர். அவர்தான் தன் தந்தை என்று ரோஹித் சேகர் 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது அவர் குழந்தை அல்ல, வளர்ந்த மனிதர். திவாரி ரத்தம் கொடுக்க மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கும் தோற்று, 2012 மே மாதம் டேராடூனில் தன் வீட்டிலேயே ரத்தம் கொடுத்தார். அதே ஆண்டு ஜூலை 27-ல் முடிவு வெளியானது. அவர்தான் தந்தை. 2014-ல் அவரே மகனை ஏற்றுக்கொண்டார்.

எந்த நீதிமன்றம் என்பது நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "நான் இவருக்குச் சட்டப்படி பிறந்த பிள்ளை என்று அறிவியுங்கள்" என்று மட்டும் கேட்டால் குடும்ப நீதிமன்றம். 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தை அதற்குக் கொடுத்திருக்கிறது. சொத்தில் பாகம் வேண்டும் என்றால் சொத்து இருக்கும் இடத்து உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. நீங்கள் பிள்ளையா இல்லையா என்ற கேள்வியையும் அந்த வழக்கிலேயே முடிவு செய்வார்கள். சொத்துதான் நோக்கம் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழி போதும். ஒரே விஷயத்துக்கு இரண்டு கோர்ட் ஏறி இறங்க வேண்டாம்.

டிஎன்ஏ பொருந்திவிட்டால் சொத்து தானாக வந்துவிடுமா?

வராது. நிறையப் பேர் மனம் உடைந்துபோகும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன் 3-ஆம் பிரிவில் "உறவினர்" யார் என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. சட்டப்பூர்வமான உறவைத்தான் அது உறவு என்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் தங்கள் தாய்க்கும், தங்களுக்குள்ளும் உறவினர்கள் என்று கூடவே சொல்கிறது. தந்தையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதாவது அம்மாவும் அப்பாவும் எந்தத் திருமணமும் செய்துகொள்ளாத நிலையில், அவர்தான் அப்பா என்று ஆய்வகம் சந்தேகமே இல்லாமல் சொன்னாலும், உயில் எழுதாமல் இறந்த அந்த அப்பாவின் சொத்தில் பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது. பிள்ளை செய்த குற்றம் என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான், அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுப்பது தவறு.

இதற்கு மறுகோடியில், முறையான திருமணத்தில் பிறந்து பிற்பாடு ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், இருபது வருடம் பேச்சுவார்த்தை இல்லை, விவாகரத்துகூட ஆகிவிட்டது. இதெல்லாம் உங்கள் உரிமையைத் தொடுவதே இல்லை. நீங்கள் முதல் வகுப்பு வாரிசு. மற்ற பிள்ளைகளுக்கு எவ்வளவோ அவ்வளவு உங்களுக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் "கல்யாணம் நடந்தது, ஆனால் சட்டப்படி செல்லாது" என்ற நிலை. முதல் மனைவி இருக்கும்போதே செய்துகொண்ட இரண்டாம் கல்யாணம் இந்த வகை. வழக்குகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன.

அம்மா இரண்டாம் தாரம். பெரியம்மா அப்போதும் உயிரோடு இருந்தார். எனக்குப் பங்கு உண்டா?

உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, திருமணம் செல்லாததாக இருந்தாலும் அதில் பிறந்த பிள்ளைகள் சட்டப்பூர்வமான பிள்ளைகளே என்கிறது. 1976-ல் செய்த திருத்தம் இதை இன்னும் அகலமாக்கியது. ஆனால் ஒரு வேலியும் போட்டிருக்கிறது: உரிமை பெற்றோரின் சொத்தில் மட்டும்தான், மற்ற உறவினர்களின் சொத்தில் இல்லை.

அப்பா தானே சம்பாதித்த சொத்தில் சம பங்கு என்பதில் வெகு நாளாகவே குழப்பம் இல்லை. பூர்வீகச் சொத்தில்தான் இழுபறி. அதைத் தீர்க்க 2011-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்ட கேள்விக்கு, 2023 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. அப்பா இறப்பதற்குச் சற்று முன்பு குடும்பச் சொத்து பாகம் பிரிக்கப்பட்டதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதில் அப்பாவுக்கு எவ்வளவு வந்திருக்குமோ அது அப்பாவின் சொத்து. அந்தப் பகுதியில் உங்களுக்கும் பங்கு உண்டு.

கணக்கு போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும். பூர்வீக நிலம் 6 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். முதல் குடும்பத்தில் பெரியம்மா, ஒரு அண்ணன், ஒரு அக்கா. இரண்டாம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர். அப்பாவின் அம்மா உயிரோடு இல்லை. பிறப்பாலேயே பூர்வீகத்தில் உரிமை உள்ளவர்கள் அப்பா, அண்ணன், அக்கா மூவரும். கற்பனைப் பிரிவினையில் ஆளுக்கு 2 ஏக்கர். அப்பாவின் அந்த 2 ஏக்கர் பெரியம்மா, அண்ணன், அக்கா, நீங்கள் என நான்காகப் பிரியும். உங்களுக்கு 50 சென்ட். அண்ணனுக்கும் அக்காவுக்கும் தலா இரண்டரை ஏக்கர், பெரியம்மாவுக்கு 50 சென்ட். அதே 6 ஏக்கரை அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியிருந்தால் நான்கு பேருக்கும் தலா ஒன்றரை ஏக்கர்.

50 சென்டுக்கும் ஒன்றரை ஏக்கருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தால்தான் எதிர்த்தரப்பு எல்லாவற்றையும் "பூர்வீகம்" என்று சொல்லும். உடனே நம்பிவிடாதீர்கள். தாத்தா வழியில் வந்ததெல்லாம் பூர்வீகம் ஆகிவிடாது. தாத்தா தானே வாங்கிய சொத்து, அவர் 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்ததால் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. தாத்தாவின் கிரயப் பத்திரம் கிடைத்தால் கணக்கே மாறலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

இரண்டு வரம்புகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது பாகம் கேட்டு வழக்குப் போட உங்களால் முடியாது. அப்பா தாத்தாவுக்கு முன்பே இறந்துவிட்டால், தாத்தாவிடம் "மகன் வழிப் பேரன்" என்ற உரிமையில் கேட்கவும் முடியாது.

அம்மாவுக்குப் பங்கு?

அப்பா சொத்தில் மனைவி என்ற முறையில் இல்லை. இரண்டாம் திருமணம் செல்லாது என்பதால் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அம்மாவுக்குக் கிடைப்பதில்லை. அப்பா உயிலிலோ தான செட்டில்மென்டிலோ எழுதி வைத்திருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

கல்யாணம் பதிவு செய்யவில்லை. கோயிலில் மாலை மாற்றித் தாலி கட்டினார், அவ்வளவுதான். அது கல்யாணமா?

தமிழ்நாட்டில் ஆம். புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும் என்று 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவு சேர்க்கப்பட்டது. சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த பிரிவு இது. பதிவு என்பது நல்ல ஆதாரம்தானே தவிர, பதிவு இல்லாததால் கல்யாணம் இல்லை என்று ஆகாது.

கல்யாணம் நடந்த நாளைப் பார்த்த சாட்சி யாருமே இல்லையா? அப்போதும் வழி இருக்கிறது. ஒரு ஆணும் பெண்ணும் பல ஆண்டுகள் கணவன் மனைவியாக ஒரே வீட்டில் வாழ்ந்து, ஊரும் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால், அவர்களுக்குள் திருமணம் நடந்திருக்கிறது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இது பழைய கோட்பாடு. 2022 ஜூனில்கூட கேரளத்துக் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வைத்துத்தான் மகன் வழியாருக்குப் பங்கு கொடுத்தது. அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் "கல்யாணத்துக்கு ஆதாரம் இல்லை" என்று தள்ளியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் அப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தால் இந்த அனுமானம் அவ்வளவாகக் கைகொடுக்காது. சடங்கு நடந்ததற்கே ஆதாரம் கேட்பார்கள். 16-ஆம் பிரிவும் "திருமணம்" என்று ஒன்று நடந்திருந்தால்தான் வேலை செய்யும்.

அப்படியானால் என்னென்ன ஆதாரம் சேர்க்க வேண்டும்?

அப்பா பெயர் போட்ட எல்லாம். பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், எல்.ஐ.சி. பாலிசியில் நாமினி, அப்பாவின் பணிப்பதிவேடு, மருத்துவமனையில் அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், அவர் அனுப்பிய மணியார்டர் ரசீது.

நம் ஊரில் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது: பத்திரிகைகள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா என்று அச்சடித்த அழைப்பிதழ்களில் "இவர்களின் குமாரன்", "இவர்களின் குமாரத்தி" என்று உங்களைக் குறிப்பிட்டிருந்தால் அது கோர்ட்டில் பேசும். மொய் நோட்டுகூட உதவலாம்.

இதில் ஒரு நுணுக்கம். உறவைப் பற்றி இறந்துபோன ஒருவர் சொன்னதோ எழுதியதோ சாட்சியமாக ஏற்கப்பட வேண்டுமானால், தகராறு தொடங்குவதற்கு முன்பு சொன்னதாக இருக்க வேண்டும். அதனால்தான் 1990-ல் அப்பா எழுதிய "என் மகனுக்கு" என்ற ஒரு இன்லேண்டு கடிதத்துக்கு, சண்டை வந்தபின் வாங்கிய பத்து அபிடவிட்டை விட மதிப்பு. குடும்பத்தைப் பல வருடம் அருகிலிருந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரரும், உங்களை அப்பாவின் பிள்ளையாகவே நடத்திய சித்தப்பா அத்தைகளும் நல்ல சாட்சிகள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. தள்ளிப்போடாதீர்கள்.

நான் பிறந்தபோது அம்மா வேறொருவரின் மனைவி. என்னைப் பெற்ற அப்பா அவர் இல்லை. பெற்றவரிடம் உரிமை கேட்கலாமா?

மிகவும் கடினம். திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை, அல்லது திருமணம் முறிந்த 280 நாளுக்குள், அம்மா மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த பிள்ளை, அந்தக் கணவனின் பிள்ளைதான் என்பது முடிவான சான்று. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியத்தின் 116-ஆம் பிரிவாக அதே நிலை தொடர்கிறது. இதை உடைக்க ஒரே வழி, கருத்தரித்த காலத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அணுக வாய்ப்பே இல்லை என்று காட்டுவது. கணவர் முழு நேரமும் வெளிநாட்டில் இருந்தார், சிறையில் இருந்தார் என்பது போல. ஒரே வீட்டில் மனஸ்தாபத்தோடு இருந்தார்கள் என்பதெல்லாம் போதாது.

திவாரி வழக்கிலும் ரோஹித்தின் அம்மா அப்போது வேறொருவரின் மனைவிதான். சட்டப்பூர்வப் பிறப்பு வேறு, தந்தைமை வேறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் அன்று பிரித்துப் பார்த்தது. ஆனால் 2025 ஜனவரி 28-ல், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன்னைப் பெற்றவர் என்று இன்னொருவரைச் சுட்டிக்காட்டி ஜீவனாம்சம் கேட்ட அந்த இளைஞருக்குக் கதவு மூடப்பட்டது. அம்மாவும் கணவரும் அந்தக் காலத்தில் சேர்ந்து வாழ்ந்திருந்தார்கள் என்பதே காரணம்.

இந்த நிலையில் இருப்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி வேறு. இப்போது சட்டம் உங்களை அம்மாவின் கணவருக்குப் பிள்ளையாக வைத்திருக்கிறது. அவர் சொத்தில் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இன்னொருவரைத் தேடிப் போய் வென்றால், அவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை ஆவீர்கள். வாரிசுரிமை அங்கும் இருக்காது, இங்கும் போய்விடும். பெற்றவர் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மிக நியாயமானது. அதைச் சொத்து வழக்காக மாற்றுவதற்கு முன் இதை நன்றாக யோசியுங்கள்.

கோர்ட் எப்போது டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவிடும்? அவர் மறுத்தால்?

கேட்டவுடன் உத்தரவிட மாட்டார்கள். வேறு சான்றுகளால் முடிவு செய்யவே முடியாத நிலை, முதற்பார்வையிலேயே வலுவான வழக்கு, இரண்டும் வேண்டும். 1993 முதல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒருவரின் அந்தரங்கமும், பிறக்கும்போதே ஒட்டிக்கொள்ளக்கூடிய அவப்பெயரும் இதில் அடங்கியிருப்பதுதான் காரணம். அதே நேரம், பரிசோதனை முறையாக நடந்து முடிவு கையில் வந்துவிட்டால், சட்ட அனுமானத்தை விட அறிவியலுக்கே மதிப்பு என்று 2014-ல் சொல்லியிருக்கிறது.

உத்தரவுக்குப் பிறகும் மறுத்தால், "கொடுத்திருந்தால் முடிவு அவருக்குப் பாதகமாக வந்திருக்கும்" என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். பல வழக்குகளில் இதுவே போதுமானதாக இருக்கிறது.

தனியார் ஆய்வகத்தில் நீங்களாகவே, யாருக்கும் தெரியாமல் தலைமுடியையோ பல் துலக்கும் பிரஷ்ஷையோ கொடுத்து வாங்கும் அறிக்கை உங்கள் மனநிம்மதிக்கு உதவலாம். மாதிரி யாருடையது, யார் எடுத்தார்கள், கைமாறிய வழி என்ன என்று எதுவும் நிரூபிக்க முடியாததால் கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

அப்பா இறந்து தகனமும் முடிந்துவிட்டது. இனி டிஎன்ஏ பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. அவருக்குப் பயாப்சி செய்திருந்தால் அந்தத் திசுவை மெழுகுக் கட்டியில் பொதிந்து மருத்துவமனைகள் பல காலம் பத்திரமாக வைத்திருக்கும். வழக்குப் போட்டவுடனே அதை அழிக்கக் கூடாது என்று உத்தரவு கேளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் உறவினர்கள் வழியாகத்தான். நீங்கள் மகன் என்றால் ஒய் குரோமோசோம் உதவும். அது தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போவதால், அப்பாவின் உடன்பிறந்த சகோதரரிடமும் அப்பாவின் இன்னொரு மகனிடமும் அதே வடிவம் இருக்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் "இல்லை" என்பது பலமான பதில். ஒத்துப்போனால் "இந்த ஆண் வம்சம்" என்று மட்டும்தான் சொல்லும். அப்பாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று பிரித்துச் சொல்லாது. மகள்களுக்கு, அப்பாவின் இன்னொரு மகளோடு எக்ஸ் குரோமோசோமை ஒப்பிடலாம். தாத்தா பாட்டி இருவருமே உயிரோடு இருந்து மாதிரி கொடுத்தால் முடிவு மிகவும் தெளிவாக வரும். ஆனால் வழக்கில் சம்பந்தப்படாத உறவினரைப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்துவது எளிதல்ல.

மாறாக, அண்ணன் தரப்பு என்னை டிஎன்ஏ எடுக்கச் சொல்கிறது. மறுக்கலாமா?

மறுக்கலாம். பெற்றோரின் சொத்து கேட்டு வழக்குப் போட்ட மகனை, அவருடைய சகோதரிகள் டிஎன்ஏ பரிசோதனைக்கு இழுக்கப் பார்த்தார்கள். அவர் தன் ஆவணங்களை வைத்தே நிரூபித்துக்கொள்வதாகச் சொன்னார். 2021 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது, எந்தச் சான்றால் நிரூபிப்பது என்பதும் அவர் விருப்பம், மனமில்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்றது. உங்கள் பள்ளிச் சான்றிதழும் ரேஷன் கார்டும் வலுவாக இருந்தால் பயப்படாமல் இந்த நிலைப்பாட்டை எடுக்கலாம்.

என் பெயர் இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். எல்லாம் போச்சா?

இல்லை. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் சொத்துரிமையை முடிவு செய்யும் ஆவணம் அல்ல. அதில் பெயர் இல்லாததால் உரிமை போகாது, இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. ஆட்சேபம் தெரிவித்து ரத்து கோரி மனு கொடுக்கலாம். தகராறு இருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் "கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

அதைவிட அவசரமான வேலை, அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவர்கள் சொத்தை விற்காமல் தடுப்பது. பாகப்பிரிவினை வழக்கோடு இடைக்காலத் தடையாணை மனுவும் சேர்த்துப் போட வேண்டும். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்தான். இருந்தாலும் விற்றபின் ஓடுவதை விட விற்கும் முன் தடுப்பது எவ்வளவோ மேல். வங்கிப் பணமும் பங்குகளும் இருந்தால் வங்கிக்கு ஆட்சேபக் கடிதம் கொடுங்கள். நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் அது வாரிசுகளுக்காகத்தான்.

எத்தனை வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்?

"நான் இன்னாரின் பிள்ளை" என்று அறிவிக்கக் கோரும் வழக்குக்கு, உரிமை மறுக்கப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டு. பாகம் கேட்பதில் நிலைமை சற்றுத் தாராளம். வாரிசுகளில் ஒருவர் அனுபவித்தாலும் அது எல்லோருக்குமாக அனுபவிப்பதுதான். "உனக்கு ஒன்றும் இல்லை, வெளியே போ" என்று வெளிப்படையாக ஒதுக்கிய பிறகுதான் 12 ஆண்டுக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். அதனால் எப்போது, யார், எப்படி மறுத்தார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தால் அழித்துவிடாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பதில் வரும் நாளில் கணக்கு தொடங்கலாம் என்பதையும் நினைவில் வைத்து, அனுப்பியபின் ஆறப்போடாதீர்கள்.

அப்பா எல்லாவற்றையும் அண்ணன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டாரே?

சொந்தச் சம்பாத்தியம் என்றால் அது அவர் விருப்பம். பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயப் பங்கு இந்துக்களுக்கு இல்லை. உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, எழுதியபோது அப்பாவுக்குச் சுயநினைவு இருந்ததா, பயனடைகிறவரே முன்னின்று எழுத வைத்தாரா என்று பார்க்கலாம். பூர்வீகச் சொத்தை எழுதி வைத்திருந்தால் அவருடைய பங்கைத் தாண்டியதற்கு அந்த உயில் செல்லாது.

அப்பா அரசு ஊழியர். ஓய்வூதியம், வேலை?

செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியத்திலும் பணிக்கொடையிலும் விதிப்படியான உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே ஏற்றது. இரண்டாம் மனைவி என்ற காரணத்தால் அவருடைய பிள்ளையைக் கருணை அடிப்படை வேலையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2018 டிசம்பரிலும், மறுபடி 2022 பிப்ரவரியிலும் சொன்னது. வயது, வருமானம் போன்ற மற்ற நிபந்தனைகள் எல்லோருக்கும் போலத்தான்.

கல்யாணமே இல்லாமல் பிறந்தவர்களுக்கு அப்பா வழியில் ஒன்றுமே இல்லையா?

அப்பா எழுதி வைத்தால் எல்லாம் உண்டு. எழுதாவிட்டால், மகள்களுக்கு ஒரு சிறு வாசல். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956-ன்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் கல்யாணம் ஆகும்வரை இறந்த தந்தையின் சொத்தை அடைந்த வாரிசுகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். மகனுக்கு இது 18 வயதோடு முடிந்துவிடுகிறது.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில்?

சுன்னி ஹனஃபி முறையில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாயிடமும் தாய்வழியிலும் வாரிசு, தந்தையிடம் இல்லை. ஆனால் திருமணம் நடந்திருக்க வாய்ப்புள்ள நிலையில், தந்தை "இது என் பிள்ளை" என்று ஏற்றுக்கொண்டதற்கு, அதாவது இக்ராருக்கு, பெரிய மதிப்பு உண்டு. அதைப் பின்னர் திரும்பப் பெற முடியாது. வாரிசு அல்லாதவருக்கு உயிலால் மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம். கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925. அதில் "பிள்ளை" என்பது சட்டப்பூர்வப் பிள்ளை என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்பட்டு வந்திருக்கிறது. உயில் எழுத வரம்பு இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்த திருமணம் செல்லாததாகிவிட்டால், பிள்ளைகளுக்கு அதன் 26-ஆம் பிரிவு இந்துக்களின் 16-ஆம் பிரிவு போலவே பாதுகாப்புத் தருகிறது.

அம்மாவின் சொத்தில்?

இந்துச் சட்டத்தில் முழு உரிமை. அம்மா யாரைக் கல்யாணம் செய்தார், செய்யவில்லை என்பது இங்கே கேள்வியே அல்ல.

வழக்கு நடத்தப் பணம் இல்லை.

பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. ஒவ்வொரு தாலுகா நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். வக்கீல் நியமனம் மட்டுமல்ல, கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும்.

அப்பா உயிரோடு இருக்கிறார், என்னிடம் அன்பாகவும் இருக்கிறார். இப்போது என்ன செய்யலாம்?

அப்படியானால் நீங்கள்தான் அதிர்ஷ்டசாலி. மேலே சொன்ன முக்கால்வாசிச் சிக்கலை ஒரு உயில் தீர்த்துவிடும். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள். "என் மகள்", "என் மகன்" என்று உங்கள் பெயரையும் அம்மாவின் பெயரையும் சொல்லி, எந்தச் சர்வே எண், எவ்வளவு என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்களில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பேன். சாட்சிகள் இருவரும் அப்பாவை விட வயதில் இளையவர்களாக, பங்கு பெறாதவர்களாக இருக்கட்டும். அப்பாவின் மனத்தெளிவு பற்றி அன்றைய தேதியில் ஒரு மருத்துவர் சான்று வாங்கி வையுங்கள். பதிவு நாளில் நீங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள், வீட்டிலேயே இருங்கள். பிற்பாடு "இவன்தான் கூட்டிக்கொண்டு போய் எழுத வைத்தான்" என்று யாரும் சொல்ல இடம் இருக்காது.